ஆள் அரவம்

மௌனத்தைப் பற்றி நாம் நிறையவே எழுதிவிட்டோம். நம் சிறுகதையின் சிகரங்களில் ஒருவருக்குப் பெயரே மௌனி. வரிகளுக்கிடையே உள்ள வெற்றிடம், சொல்லாமல் விட்டது, வாய்மூடிய அனுபவம் என்றெல்லாம் சிறு பத்திரிகைகளில் வந்த விமர்சனங்களை ஒருவர் திரட்டிப் பார்த்தால், இத்தனை சத்தம் போட்டு மௌனத்தைக் கொண்டாடியவர்கள் வேறெங்கும் இருந்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைப்பார். என் பங்கும் அதில் உண்டு. நல்ல வரி என்பது தன்னைச் சுற்றி ஓர் அமைதியை உண்டாக்கிக்கொள்கிற வரி என்று 2019இல் ஒரு கட்டுரை எழுதினேன். அதைப் படித்த நண்பர், ஓர் அச்சகத்தில் ப்ரூஃப் திருத்துகிறவர், கட்டுரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்தபோது மட்டும் கேட்டார்: "உங்க மௌனத்துக்கு யார் சார் வாடகை கட்டுறாங்க?"

சாமர்த்தியமான பேச்சு என்று அன்று அதை ஒதுக்கிவிட்டேன். கேள்வி ஒதுங்கவில்லை. கிராமத்தில் வண்டிக்குக் கொடுக்கும் கூலியை வண்டிச் சத்தம் என்பார்கள். சத்தத்துக்கே கூலி என்றொரு பொருள் இருக்கும் மொழியில், மௌனம் மட்டும் இலவசமாகக் கிடைக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் கட்டுரையை எழுதிய அதே மாதத்தில் இன்னொன்றும் எழுதினேன். அது இலக்கியம் இல்லை. ஒரு மனு.

நான் இருப்பது சென்னையின் மேற்குப் பகுதியில், ஹவுஸிங் போர்டு கட்டிய ஒரு குடியிருப்பில். நான்கு பிளாக், பிளாக்குக்குப் பன்னிரண்டு வீடு, நடுவே ஒரு திறந்த வெளி. அதை மைதானம் என்றால் அதிகம், முற்றம் என்றால் தவறு. முற்றம் ஒரு வீட்டுக்குச் சொந்தமானது. இது நாற்பத்தெட்டு வீட்டுக்கும் சொந்தம் என்பதால் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது. ஒரு வேப்பமரம், ஓர் அடிபம்பு, தண்ணீர்த் தொட்டி, துணி உலர்த்தும் கம்பிகள். சுவர்கள் எதிரெதிரே நிற்பதால் கீழே எழும் ஓசை பக்கவாட்டில் தப்ப வழியின்றிச் சுவருக்குச் சுவர் மோதி மேலே ஏறும். அடிபம்படியில் இரண்டு பெண்கள் தாழ்ந்த குரலில் பேசுவது இரண்டாவது மாடியில் என் மேஜைக்கு வந்துவிடும். பேசுகிறவர்களுக்கு இது தெரியும். தெரிந்தே பேசுவார்கள். சில விஷயங்களை மேலே இருப்பவர்கள் கேட்கட்டும் என்பதற்காகவே அங்கே நின்று பேசுவதும் உண்டு.

காலை ஐந்தரைக்கு ஏ பிளாக் படிக்கட்டுக்கு அடியில் ஆயாவின் இட்லிக் கடை தொடங்கும். குண்டான் மூடியைத் தரையில் வைக்கும் ஓசை, ஆட்டோக்காரர்களின் பேச்சு, யாராவது ஒருவருடைய கைபேசியில் பாட்டு. பிறகு குக்கர் விசில்கள்; அடுத்த வீட்டு விசிலைத் தன் விசிலாக எண்ணி அரைவேக்காட்டில் அடுப்பை அணைத்த சம்பவங்கள் எங்கள் வீட்டிலேயே நடந்திருக்கின்றன. மாலையில் பையன்களின் கிரிக்கெட். பந்து தகரக் கதவில் படும்போதெல்லாம் நான் எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியம் இரண்டாக உடையும். நாள் முழுவதும் வங்கியில் நோட்டு எண்ணும் மெஷினின் படபடப்பையும், டோக்கன் எண்ணைக் கூவும் உயிரற்ற குரலையும் கேட்டுவிட்டு வருகிறவன் மாலையில் ஒரு மணி நேர அமைதிக்கு ஆசைப்படுவது குற்றமா என்று அப்போது கேட்டுக்கொள்வேன். இன்றும் அது குற்றமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. தண்ணீர் லாரி நேரங்கெட்ட நேரத்தில் வந்தது. நள்ளிரவில் பிளாஸ்டிக் குடங்கள் உருளும். வரிசையில் யார் முந்தி என்ற சண்டை. லாரியின் என்ஜின் அணையாமல் உறுமிக்கொண்டே இருக்கும். எல்லோருக்கும் தூக்கம் கெட்டது. அந்த எரிச்சலில்தான் மனு என்ற யோசனை சங்கத்தில் எழுந்தது. லாரிக்கு எதிராக மனுப் போட முடியாது; லாரிக்காரரிடம் கோபித்துக்கொள்ளும் தைரியம் அந்தக் கோடையில் யாருக்கும் இருக்கவில்லை. ஆயாவிடம் கோபிக்கலாம். பையன்களிடம் கோபிக்கலாம். மனுவில் இட்லிக் கடையும் கிரிக்கெட்டும் மட்டுமே இருந்தன. ஆங்கிலத்தில் எழுதினால் எடுபடும் என்றார்கள். பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவன் சங்கத்தில் நான் ஒருவன்தான். கைபேசியில் ஒரு செயலியை இறக்கி டெசிபெல் கணக்கெல்லாம் சேர்த்து, நாசூக்காக, யாரையும் திட்டாமல் எழுதிக் கொடுத்தேன். நான் எழுதியவற்றிலேயே உடனடியாகப் பலன் தந்த ஒரே எழுத்து அதுதான்.

முதல் கையெழுத்துப் போட்டவரைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது வெறும் சுயநிந்தனையாகிவிடும். அவர் ஒரு மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் வார்டு ஊழியர். காலை எட்டுக்கு வந்து படுப்பார். ஆயாவின் கடை பத்து வரை நடக்கும்; அவர் ஜன்னலுக்கு நேர் கீழே. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு என்று சொல்வது 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை. அதாவது இரவு என்பது வங்கிக் குமாஸ்தாவின் இரவு. வார்டு ஊழியரின் இரவுக்குச் சட்டத்தில் இடமில்லை. அவருடைய தேவை என் தேவையைவிட எவ்வளவோ நியாயமானது. அந்த நியாயத்தின் பின்னால் நின்றுகொண்டு என் எரிச்சலையும் நிறைவேற்றிக்கொண்டேன் என்பதுதான் விஷயம்.

*

இரைச்சலை வெறுப்பவர்களுக்கு மரியாதைக்குரிய ஒரு பரம்பரை இருக்கிறது. அதன் தலைமகன் காண்ட். கோனிக்ஸ்பர்க்கில் ஒரு பக்கத்துவீட்டுச் சேவல் கூவிக்கொண்டே இருந்ததால் வீடு மாறினார். பிறகு 1783இல் கோட்டைக்கு அருகே சொந்தமாக வாங்கிய வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறைச்சாலை. கைதிகள் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உரத்த குரலில் பக்திப் பாடல்கள் பாடினார்கள். 1784இல் நகரத்தின் மேயராக இருந்த தம் நண்பர் ஹிப்பெலுக்குக் காண்ட் கடிதம் எழுதினார்: அவர்கள் ஜன்னலை மூடிக்கொண்டு, தங்களுக்குக் கேட்கும் அளவில் பாடினாலே ஆத்மாவுக்குப் போதுமானது என்ற தொனியில். 1790இல் வந்த அழகியல் நூலிலும் விஷயத்தை அவர் விடவில்லை. இசை நாகரிகம் குறைந்த கலை என்கிறார்; காரணம், அது வேண்டாதவர்களிடமும் போய்ச் சேருகிறது. வாசனை பூசிய கைக்குட்டையை ஒருவன் எடுத்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் முகர்ந்தாக வேண்டியிருப்பதைப் போல. பிடிக்காத காட்சியிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம், காதை என்ன செய்வது?

இந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது சுலபமில்லை. சம்மதம் கேட்காமல் ஒருவர் அனுபவத்துக்குள் நுழைவது அத்துமீறல்தான். ஆனால் கைதிகளின் பக்கம் நின்றும் ஒரு கணம் பார்க்கலாம். அந்தக் கட்டடத்திலிருந்து வெளியே போக முடிந்தது அவர்களின் குரல் ஒன்றுதான். உலகளாவிய நியதியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த மனிதருக்கு அது தொந்தரவாக இருந்தது. அவர் கண்ட பரிகாரம் ஜன்னலை மூடுவது. தம் ஜன்னலை இல்லை, அவர்களுடையதை. இந்த விஷயத்தில் பரிகாரம் எப்போதும் அடுத்தவர் ஜன்னலில்தான் தொடங்குகிறது.

ப்ரூஸ்ட் இவ்வளவு சுலபமாக அகப்படுவதில்லை. 1910இல் பாரிஸில் தம் படுக்கையறைச் சுவர்களைத் தக்கையால் மூடிக்கொண்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அவர் இறந்தபின் 1923இல் வெளியான பாகத்தில், படுக்கையில் கிடந்தபடி தெருவில் விற்பவர்களின் கூவல்களைக் கேட்டு, அவற்றைத் தேவாலயப் பாடலோடும் ஆபராவோடும் ஒப்பிட்டு ரசிக்கும் நீண்ட பகுதி வருகிறது. சிப்பி விற்பவனும் நத்தை விற்பவனும் அங்கே பாடகர்கள். தக்கை அறைக்குள்ளிருந்து எழுதப்பட்ட தெரு அது. கேட்காமல் இருக்கும் வசதியைப் பெற்றபின் கேட்டதன் இனிமை.

இந்த இனிமையைத்தான் பின்னால் வந்தவர்கள் கொள்கையாக்கினார்கள். ஜான் கேஜின் 1952ஆம் ஆண்டுப் படைப்பில் பியானோக்காரர் நான்கு நிமிஷம் முப்பத்துமூன்று விநாடி எதையும் வாசிப்பதில்லை. அரங்கில் தற்செயலாக எழும் ஓசைகள்தான் சங்கீதம். கனடாவைச் சேர்ந்த மர்ரே ஷாஃபர் 1977இல் எழுதிய நூலில் உலகத்தின் ஓசைகளையே ஒரு பெரும் இசையமைப்பாகக் கேட்கச் சொன்னார். எது அடிநாதம், எது அடையாள ஒலி என்றெல்லாம் பிரித்துக் காட்டினார். இவர்களிடம் நான் கற்றுக்கொண்டது அதிகம். ஆனால் நாற்பத்தெட்டு வீட்டின் நடுவே நின்று பார்த்தால் இந்த ரசனையில் ஏதோ ஒன்று இடிக்கிறது. கேஜின் ரசிகனுக்கு எழுந்து போக ஒரு கதவு இருக்கிறது. வார்டு ஊழியரிடம் போய், குண்டான் மூடியின் ஓசையை அதன் தனித்தன்மையில் கேட்டுப் பாருங்கள் என்று யாரால் சொல்ல முடியும்? ஓசையைச் சங்கீதமாகக் கேட்பவனும் இரைச்சலாகக் கேட்பவனும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான். இரண்டு பேருமே ஓசையைக் கேட்பவனுக்கு நேரும் அனுபவமாக மட்டும் பார்க்கிறார்கள். ஓசை எழுப்புகிறவர் எதற்கு எழுப்புகிறார் என்ற கேள்வி அங்கே வருவதே இல்லை.

*

நீதிமன்றங்களும் பெரும்பாலும் கேட்பவன் பக்கத்திலிருந்துதான் பேசியிருக்கின்றன. சென்னை மாதவரம் பகுதியில் ஒரு சபையின் ஒலிபெருக்கிக்கும் தாளக் கருவிகளுக்கும் எதிராகப் பக்கத்துக் குடியிருப்போர் நலச்சங்கம் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2000 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. பிறர் அமைதியைக் குலைத்துத்தான் பிரார்த்திக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. தூங்கும் குழந்தை, பரீட்சைக்குப் படிக்கும் மாணவன், நோயாளி, முதியவர் என்று கேட்பவர்களின் பட்டியல் ஒன்று அதில் வருகிறது. சரியான தீர்ப்பு. என் மனுவிலும் அந்தப் பட்டியலைத்தான் எடுத்தாண்டேன்.

ஆனால் 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒலி மாசு பற்றி அளித்த விரிவான தீர்ப்பு வேறொரு இடத்தில் தொடங்குகிறது. மனு எழுதும்போது அதை நான் படித்திருக்கவில்லை, பிறகுதான் படித்தேன். அந்த வழக்கைப் பொதுநலன் கருதித் தொடுத்தவர் ஒரு பொறியாளர். அவரைத் தூண்டியது 1998 ஜனவரியில் பத்திரிகைகளில் வந்த ஒரு செய்தி. 13 வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். உதவி கேட்டு அவள் கதறியது யாருக்கும் கேட்கவில்லை. அக்கம்பக்கத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அன்று மாலையே அவள் தீக்குளித்து இறந்தாள்.

இதைப் படித்த பிறகு நான் சௌகரியமாக வைத்திருந்த ஒழுங்கு கலைந்தது. இங்கே ஒலிபெருக்கி செய்த அநியாயம் யாருடைய தூக்கத்தையும் கெடுத்தது இல்லை. அது ஒரு குரலை அழித்தது. அந்தப் பாட்டை அக்கம்பக்கத்தார் அனைவரும் விரும்பியே கேட்டிருந்தாலும், ஒருவர்கூட முகம் சுளிக்காமல் ரசித்திருந்தாலும், அநியாயம் அப்படியே இருந்திருக்கும். சம்மதம் கேட்டானா இல்லையா என்ற காண்டின் கேள்வி இதைத் தொடவே இல்லை. காதுக்கு என்ன நேர்கிறது என்று இருநூறு வருஷங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். வாய்க்கு என்ன நேர்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். பொது வெளியில் இரைச்சல் தீமையாவது, உதவிக்குக் கூப்பிடுகிறவரின் குரல் போய்ச் சேராமல் அது செய்துவிடும்போது.

அப்படியானால் அமைதியும் அதே தீமையைச் செய்ய முடியும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒலிபெருக்கியால் கேட்காமல் போவதற்கும் மூடிய ஜன்னலால் கேட்காமல் போவதற்கும் கூப்பிடுகிறவருக்கு வித்தியாசம் எதுவும் கிடையாது.

கணக்குப் போடுவது என் தொழில் என்பதால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குடியிருப்புப் பகுதிக்கு விதிகள் அனுமதிப்பது பகலில் 55 டெசிபெல், இரவில் 45. இந்த எண்கள் கால அளவில் எடுத்த சராசரிகள். டெசிபெல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும் என்பதால் வெறும் கூட்டல் வகுத்தல் உதவாது. மடக்கைக் கணக்குப் போட வேண்டும். சட்டத்தின் பகல் 16 மணி நேரம், 57,600 விநாடிகள். ஒருத்தி 5 விநாடி அலறுகிறாள், அது கேட்கும் இடத்தில் 80 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். வேறெந்த ஓசையும் இல்லாத ஒரு பகலில் அந்த ஒரே அலறலை 57,600 விநாடிகளுக்கும் பங்கிட்டால் வருவது 40 டெசிபெலுக்கும் கீழே. இரவுக்கு அனுமதித்த அளவைக்கூட அது தொடவில்லை. அந்தக் குடியிருப்பு அன்று முழுவதும் அமைதியாக இருந்தது என்று கருவி சொல்லும். கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. அது அலறலைக் கேட்பதற்காகச் செய்யப்பட்டதில்லை. என் மனுவில் நான் அந்தக் கருவியின் காதைத்தான் என் காதாக வைத்துக்கொண்டிருந்தேன்.

*

தமிழில் ஓசைக்கு எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. ஒலி, இரைச்சல், கூச்சல், சந்தடி, முழக்கம், ஓலம். எல்லாவற்றையும் சத்தம் என்ற ஒன்றில் போட்டு அடைத்துவிட்டோம். அவற்றில் ஒன்று மட்டும் மனிதனோடு ஒட்டிக்கொண்டு தப்பித்திருக்கிறது: அரவம். தனியாக இதை இன்று யாரும் அதிகம் சொல்வதில்லை. ஆள் அரவம் என்றுதான் சொல்கிறோம். அதையும் பெரும்பாலும் இல்லை என்று சொல்வதற்கே பயன்படுத்துகிறோம். ஆள் அரவமற்ற தெரு, ஆள் அரவமே இல்லாத வீடு. அப்படிச் சொல்லும்போது அமைதியான இடம் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. போகத் தயங்க வேண்டிய இடம் என்றே எடுத்துக்கொள்கிறோம். அரவம் என்றால் ஆள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் கேட்கும் என்று பொருள்.

இரைச்சலையும் அரவத்தையும் டெசிபெலால் பிரிக்க முடியாது. எங்கள் வளாகத்துக்குக் கீரைக்காரர் ஒருவர் வருவார். முன்பு தன் தொண்டையால் கூவினார். அடித்தொண்டைக் குரல், செயலியில் அளந்தால் நிச்சயம் 55ஐத் தாண்டும். ஆனால் மாடியிலிருந்து ஒரு பெண் "ஏ கீரை, நில்லு" என்றால் நிற்பார். கூவும்போதே அவர் காது மாடியை நோக்கித் திறந்திருக்கும். கூவலுக்கு இடையே மூச்சு வாங்கும் இடைவெளி பதிலுக்கான இடம். இப்போது சைக்கிளில் ஒரு சிறிய ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார். அதில் பதிவுசெய்த அவருடைய குரலே திரும்பத் திரும்ப ஓடுகிறது. மூச்சு வாங்குவதில்லை. மேலிருந்து யார் கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்பதில்லை. சங்கடத்தோடு பலமுறை இதைப் பார்த்திருக்கிறேன், மூன்று பேர் பால்கனியில் நின்று கத்த, அவர் அரைக்கீரை சிறுகீரை என்று அறிவித்தபடியே வளைவு திரும்பிப் போய்விடுகிறார். வியாபாரம் முன்பைவிடக் குறைந்துவிட்டது என்றும் சொல்கிறார். தொண்டை வலி இல்லை, அது ஒரு லாபம். அதையும் மறுப்பதற்கில்லை.

இந்த வித்தியாசத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. சில ஓசைகளுக்குக் காது உண்டு, சிலவற்றுக்குக் கிடையாது. பையன்களின் கிரிக்கெட் எவ்வளவு கூச்சலாக இருந்தாலும் யாராவது "டேய்" என்றால் ஒரு நொடி நிற்கும். தண்ணீர் லாரியின் என்ஜின் நிற்காது. சாவு வீட்டில் பறை நிற்கும். இடையே ஒப்பாரி எழும், யாரோ வருவார்கள், கட்டிப்பிடித்து அழுவார்கள், அதற்கெல்லாம் இடம்விட்டு மறுபடி தொடங்கும். இப்போது எங்கள் சங்கத்து விதிப்படி பறை கிடையாது. குளிர்பெட்டியின் உறுமல் மட்டும் இரவு முழுவதும்.

*

இதுவரை எழுதியதில் ஒன்றைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

எதிர் பிளாக்கில் முதல் மாடியில் ஒரு வீடு. அங்கிருந்து சில இரவுகளிலும் சில காலைகளிலும் ஒரு பெண்ணின் குரல் கேட்கும். முதலில் வாக்குவாதம், பிறகு ஏதாவது விழும் ஓசை, பிறகு அந்தக் குரல். நாற்பத்தெட்டு வீட்டுக்கும் கேட்டது. நாங்கள் எல்லோரும் மரியாதைப்பட்டவர்கள், பிறர் குடும்ப விவகாரத்தில் தலையிடாதவர்கள். நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அது முடியும்வரை ஒரே பக்கத்தில் இருப்பேன். படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல மாட்டேன்.

தலையிட்டது ஆயா மட்டும்தான். படிக்கட்டுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்து, "டேய், போதும்டா. நான் மேல வரட்டுமா?" என்பாள். அவ்வளவுதான். அதைவிட அதிகமாக அவள் ஒன்றும் செய்ததில்லை. ஒருநாளும் மேலே போனதில்லை. ஆனால் அது நிற்கும். அவனுக்கு ஆயா என்றால் பயம் என்று சொல்ல முடியாது. எந்த விதத்தில் பயப்பட வேண்டும்? கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது உரக்கச் சொல்லப்பட்டுவிட்டது, அதுதான் அவனை நிறுத்தியது. எங்கள் நாற்பத்தேழு வீட்டின் கேட்டல் அவனுக்கு ஒரு தடையாகவே இருக்கவில்லை, ஏனென்றால் நாங்கள் கேட்டதை அவன் கேட்கவில்லை.

மனுவுக்குப் பிறகு ஒரே மாதத்தில் ஆயாவின் கடை போயிற்று. "இங்கு விளையாடக் கூடாது" என்ற பலகை வந்தது. விளையாடிய இடத்தில் கார்கள் நிற்கின்றன. இப்போது மாலையில் பின்னோக்கி வரும் கார்களின் மெட்டு கேட்கிறது. வார்டு ஊழியர் சில மாதங்கள் நன்றாகத் தூங்கினார். பிறகு அவர் மேல்வீட்டில் டைல்ஸ் மாற்றும் வேலை தொடங்கியது. அது வேறு கதை.

2020 மார்ச் 22, ஞாயிறு, மாலை ஐந்து மணி. கைதட்டச் சொன்னார்கள், மணி அடிக்கச் சொன்னார்கள். எங்கள் வளாகம் தன் வாழ்நாளில் ஒன்றுசேர்ந்து எழுப்பிய ஒரே ஓசை அதுவாகத்தான் இருக்கும். எல்லாப் பால்கனியிலும் ஆட்கள். எதிர் பிளாக் முதல் மாடியில் அந்த வீட்டுக்காரர் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார். நானும் தட்டினேன்.

அதற்குப் பின் வந்த ஊரடங்கு வாரங்களில் ஊரே அடங்கிற்று. வாகனம் இல்லை, தட்டிக்கொட்டும் வேலை இல்லை. நான் என் கட்டுரையில் கற்பனை செய்த அமைதி ஏறத்தாழ அப்படியே கிடைத்தது. தூரத்தில் குயில் கூவுவது கேட்கிறது என்று பலர் பரவசமாக எழுதினார்கள், உண்மைதான், கேட்டது. எல்லாமே கேட்டது. முன்பு கூச்சலுக்கிடையே துண்டு துண்டாகக் கேட்ட அந்தக் குரல் இப்போது முழு வாக்கியங்களாகக் கேட்டது. அந்த நாட்களில் குடும்ப வன்முறைப் புகார்கள் கூடியிருப்பதாகத் தேசிய மகளிர் ஆணையம் அறிவித்ததைப் பத்திரிகையில் படித்தேன். கீழே படிக்கட்டுக்கு அடியில் யாரும் இல்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அதிகாரிக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தில் தந்தவர் மீது வழக்கு வராது. நம்பக் காரணம் என்பது அண்டைவீட்டுக்காரனுக்குக் காது வழியாகத்தான் வரும். எனக்கு வந்திருந்தது. 181 என்ற எண்ணும் எனக்குத் தெரியும், வங்கியில் அதன் சுவரொட்டி ஒட்டியிருந்தது. அழைக்கவில்லை. ஊரடங்கு தளர்ந்து கடைகள் திறந்ததும் ஏ.சி. வாங்கினேன். வெயில் தாங்க முடியவில்லை என்று வீட்டில் காரணம் சொன்னேன்.

ஏ.சி. போட்ட அறையின் அமைதி ஒரு தனி ரகம். அதன் அடியில் மெல்லிய ரீங்காரம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், சிறிது நேரத்தில் அதுவே அமைதியாகிவிடும். அங்கே உட்கார்ந்து நான்கு வருஷமாகக் கவிதை விமர்சனம் எழுதிக்கொண்டிருக்கிறேன். எதிர் வீட்டில் இப்போது அமைதிதான் என்று என்னால் சொல்ல முடியும். அது நின்றுபோனதால் வந்த அமைதியா, என் கண்ணாடி ஜன்னலால் வந்த அமைதியா என்று சொல்ல முடியாது. அந்தப் பெண்ணைக் கம்பியில் துணி உலர்த்தும்போது பார்க்கிறேன். அவளும் சில சமயம் நிமிர்ந்து பார்ப்பாள். அவள் பார்ப்பது என்னையா, மூடிய ஜன்னலையா என்று தெரியவில்லை.

ஆயா இப்போது பிரதான சாலையில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டிக் கடை போட்டிருக்கிறாள். மனுவை எழுதியது யார் என்று அவளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். போன மாதம் வங்கிக்குப் போகும் வழியில் நான்கு இட்லி கட்டச் சொன்னேன். பேருந்துகளின் ஹாரனுக்கு நடுவே அவள் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது.

"அந்த எதுத்த வூட்டுப் பொண்ணு எப்படி இருக்குது தம்பி?"

"நல்லாத்தான் இருக்காங்க ஆயா."

இலையில் இட்லியை வைத்துக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. "சத்தம் கேக்குதா?" என்றாள்.

எந்தச் சத்தம் என்று நான் கேட்கவில்லை. ஜன்னலை மூடி வைத்திருக்கிறோம் என்று சொன்னேன். அது அவள் காதில் விழவில்லை போலிருக்கிறது, "என்னா?" என்று திரும்பக் கேட்டாள். அதற்குள் என் பஸ் வந்துவிட்டது.